ஏரி தெளிந்தால் யாருக்கு இலாபம்?



இதனை எழுத இரண்டு வாரங்களாகக் காத்திருந்தேன். சினத்தோடு எழுதாதே, சினம் தணிந்தபின் எழுது என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொன்ன அறிவுரை. என் சினம் முழுவதும் தணிந்துவிடவில்லை. பள்ளி விடுமுறை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஏரி இருக்கிறது. இன்று பெயர்ப்பலகை அதனை ஏரி என்கிறது. நான் இப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் ஈயக்குட்டை. ஈய லம்பம் மூடப்பட்டபின் மழைநீர் தேங்கி, ஆகாயத்தாமரை மூடி, மாலை வேளையில் துர்நாற்றம் வீசிய குட்டை அது. சில ஆண்டுகளுக்கு முன் பொதுப்பணம் செலவிடப்பட்டது. ஆகாயத்தாமரை அகற்றப்பட்டது. வண்டல் வாரப்பட்டது. நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் நீரூற்றும் வந்தன. இன்று மாலையில் அங்கே நடப்பவர்களின் கூட்டம் குறைவில்லை.

அறிவியல் கழகத்துப் பிள்ளைகளுடன் நான் மாதம் ஒருமுறை அங்கே செல்கிறேன். கரையிலுள்ள தடுப்புக் கம்பி இட்ட மேடையில் நின்று, கறுப்பு வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்குவோம். தகடு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அந்த ஆழத்தைப் பிள்ளைகள் குறிப்பார்கள். பணி முடிந்த ஆண்டில் 110 சென்டிமீட்டர் வரை தகடு தெரிந்தது. இவ்வாண்டு 45 சென்டிமீட்டரிலேயே மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் இந்த எண்களை மணிலா அட்டையில் கோட்டுப் படமாக வரைந்து பள்ளி நுழைவாயிலில் ஒட்டியிருந்தார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்தார். நல்லவர், பள்ளிக்குப் பல உதவிகள் செய்தவர். "டீச்சர், அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். ஏரி சுத்தமான பிறகுதான் எங்கள் வீடுகளுக்கு விலை ஏறியிருக்கிறது. தண்ணீர் கலங்கலாகிவிட்டது என்று நீங்களே எழுதி ஒட்டினால் வாங்க வருகிறவன் என்ன நினைப்பான்?" என்றார். சிலர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களுள் ஆசிரியர்களும் இருந்தார்கள். அதுதான் என்னை உறுத்தியது.

அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. ஏன் இருக்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரை.

விலை ஏறும் என்பது பொய்யன்று

முதலில் அந்தத் தந்தையின் கூற்றில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தூய ஏரி அருகிலுள்ள வீட்டின் விலையை உயர்த்தும். இது வீட்டுத் தரகர்கள் கட்டிவிட்ட கதையன்று; பொருளியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்த செய்தி.

வீடு வாங்கும் ஒருவர் கல்லையும் மண்ணையும் மட்டும் வாங்குவதில்லை. எத்தனை அறைகள், பள்ளி எவ்வளவு தொலைவு, சாலை எப்படி, வெள்ளம் வருமா, சன்னலைத் திறந்தால் என்ன தெரியும், என்ன மணம் வரும் என்ற அனைத்தையும் சேர்த்தே விலை பேசுகிறார். ஆகவே, பல்லாயிரம் வீட்டு விற்பனைகளை ஒப்பிட்டுப் பார்த்து, மற்ற கூறுகள் ஒத்திருக்கும்போது ஏரியின் தெளிவு மட்டும் எவ்வளவு விலையைக் கூட்டுகிறது என்று பிரித்தெடுக்க முடியும். இந்த முறைக்கு உறுதியான கோட்பாட்டு அடித்தளம் இட்டவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஷெர்வின் ரோசன். ஆண்டு 1974.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஏரிநீரின் தெளிவு ஒரு மீட்டர் கூடினால், கரையோர நிலத்தின் முகப்பு அடி ஒன்றுக்கு 11 டாலர் முதல் 200 டாலர் வரை விலை கூடுகிறது என்று அது கண்டது. ஏரிக்கு ஏரி இத்தொகை வேறுபடும். நூறு அடி முகப்புள்ள மனைக்கு இது 1,100 டாலர் முதல் 20,000 டாலர் வரை. அவர்கள் தெளிவை அளக்கப் பயன்பட்ட கருவி எது தெரியுமா? எங்கள் பிள்ளைகள் கயிற்றில் கட்டி இறக்கும் அதே வட்டத் தகடுதான். இத்தாலிய வானியலறிஞரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் கடல்நீரின் தெளிவை ஆராய இத்தகைய வட்டைப் பயன்படுத்தினார். அதனால் அதற்குச் செக்கி வட்டு என்று பெயர். 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிட எளிய கருவி வரவில்லை.

ஆக, அந்தத் தந்தையின் வீட்டு விலையும் எங்கள் பிள்ளைகளின் அட்டையும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கிழிக்கச் சொல்வது, காய்ச்சல்மானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடும் என்பதைப் போன்றது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் இக்கணக்கை நன்கு அறிந்தவர்கள் வீடமைப்பு நிறுவனத்தார். சுங்கை பீசியில் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈய லம்பங்களுள் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளம்தான் இன்று மைன்ஸ் வளாகத்தின் ஏரி. அதைச் சுற்றித் தங்கும் விடுதியும் வணிக வளாகமும் மாளிகைகளும் எழுந்தன. பண்டார் சன்வேயும் ஈய லம்ப நிலத்தில் எழுந்த நகரம்தான். தைப்பிங் ஏரிப் பூங்காவின் வரலாறு இன்னும் பழைமையானது; 1880ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட ஈய லம்ப நிலம் பொதுமக்கள் பூங்காவாக மாற்றப்பட்டது. குட்டையைப் பொன்னாக்கும் வித்தை நமக்குப் புதியதன்று.

ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. தேசிய நீரியல் ஆய்வுக் கழகம் 2005இல் நாட்டின் 90 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் பற்றிய தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றுள் 56, அதாவது நூற்றுக்கு 62, ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகும் நிலையில் இருந்தன. எஞ்சிய 34 நடுத்தர நிலையில் இருந்தன. ஊட்டச்சத்து என்றதும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஏரிக்கு ஊட்டச்சத்து என்பது கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் உரத்திலும் வரும் பாஸ்பரசும் நைட்ரஜனும்தான். அவற்றை உண்டு பாசி பெருகும், பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீரும், மீன் சாகும், நாற்றம் வரும்.

இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் ஏரியைச் சுற்றி 200 வீடுகள். வீடு ஒன்றின் விலை 300,000 ரிங்கிட். ஏரி தெளிந்ததால் விலை நூற்றுக்கு 5 கூடுகிறது. வீடு ஒன்றுக்கு 15,000 ரிங்கிட். 200 வீடுகளுக்கு 3 மில்லியன் ரிங்கிட். ஏரி மீண்டும் கலங்கினால் அதே 3 மில்லியன் கரைந்துவிடும். அப்படியானால், ஆண்டுதோறும் வண்டல் வாரவும் நீரைச் சோதிக்கவும் இத்தொகையில் ஒரு சிறு பங்கைச் செலவிடுவது அறிவுடைமையா, அட்டையை மறைப்பது அறிவுடைமையா? உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று பயிலரங்குதோறும் பேசுகிறோமே, அது இந்தக் கேள்வியில் இருக்கிறது.

கரை வேறு, நீர் வேறு

எங்கள் ஏரி ஏன் மீண்டும் கலங்கியது? பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஏரிக்குள் மூன்று மழைநீர்க் கால்வாய்கள் விழுகின்றன. ஒன்று மேட்டில் புதிய வீடுகளுக்காக வெட்டப்படும் செம்மண் நிலத்திலிருந்து வருகிறது. மழை பெய்தால் தேநீர் நிறத்தில் ஓடுகிறது. இரண்டாவது உணவுக்கடைகளின் பின்புறத்திலிருந்து வருகிறது. அதன் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு அடை அடையாக ஒட்டியிருக்கிறது. மூன்றாவது நம் தாமானிலிருந்தே வருகிறது. வாகனம் கழுவிய நுரை, துணி துவைத்த நீர், பூந்தொட்டிக்கு அளவுக்கு மீறி இட்ட உரம் ஆகிய அனைத்தும் அதில் கலந்து ஏரிக்குப் போகின்றன.

செலவிட்ட பணத்தில் எத்தனை பங்கு இந்தக் கால்வாய்களுக்குச் சென்றது? கண்ணுக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை. விளக்குக்கும் ஓடுகளுக்கும் நீரூற்றுக்கும் சென்றது. கரையை அழகுபடுத்துவது வேறு. நீரைத் தூய்மையாக்குவது வேறு. முன்னதைத் திறப்பு விழாவில் படம் எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் பொறியை எந்தத் தலைவரும் கத்தரிக்கோல் பிடித்துத் திறந்து வைப்பதில்லை.

நீரைத் தூய்மையாக்குவது எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புத்ராஜெயா ஏரி ஏறத்தாழ 400 ஹெக்டர். அதற்கு மேற்பகுதியில், ஏரிக்குள் நீர் நுழையும் முன்பே வடிகட்டுவதற்காக, ஏறத்தாழ 200 ஹெக்டரில் செயற்கைச் சதுப்புநிலம் அமைத்தார்கள். 1998இல் அது நிறைவுற்றது. 24 பாத்திகளில் நாணலும் கோரையும் பிற நீர்ச்செடிகளும் நட்டார்கள். நீர் அவற்றினூடே மெல்ல ஊர்ந்து, வண்டலையும் ஊட்டச்சத்தையும் விட்டுவிட்டுப் பிறகே ஏரியை அடைகிறது. கரையை அலங்கரிக்கும் முன் நீரின் வழியைப் பார்த்தார்கள் என்பதே அங்கே கற்க வேண்டிய பாடம்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரத்து வாஷிங்டன் ஏரியின் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறிய கழிவுநீர் அந்த ஏரியில் கலந்தது. 1955இல் அதில் ஒரு வகைப் பாசி பெருகுவதைக் கண்டு, ஏரி கெடப்போகிறது என்று பேராசிரியர் எட்மண்ட்சன் எச்சரித்தார். 1958 மார்ச்சில் கழிவுநீரைத் திசைதிருப்பும் திட்டத்தை மக்களின் வாக்குக்கு விட்டபோது அது தோற்றது. மனந்தளராமல் திட்டத்தைத் திருத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வாக்குக்கு விட்டு வென்றார்கள். 1963 தொடங்கி 1968க்குள் கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. ஒரு மீட்டருக்கும் குறைவாகத் தாழ்ந்துவிட்ட தெளிவு சில ஆண்டுகளிலேயே மூன்று மீட்டரைத் தொட்டது. பின்னர் அதனையும் கடந்தது. இன்று அந்தக் கரையில் உலகப் பெருஞ்செல்வர்கள் சிலரின் மாளிகைகள் இருக்கின்றன. கெட்டுப்போன செய்தியை அந்தப் பேராசிரியர் மறைக்கவில்லை. வீட்டு விலை இறங்கும் என்று அவர் வாயை மூடியிருந்தால் அந்த ஏரி இன்று என்னவாகியிருக்கும்?

யார் செலவழித்தார்? யார் பெற்றார்?

இனிதான் பலருக்குக் கசக்கும் பகுதி.

எங்கள் ஏரிக்குச் செலவிட்ட பணம் கரையோர வீட்டுக்காரர்களின் பணமன்று. ஏரியைப் பார்த்திராத ஊர்களில் வாழும் மக்களின் பணமும் அதில் இருக்கிறது. கரையில் வாடகைக்கு வாழும் தொழிலாளி கடையில் பொருள் வாங்கும்போது கட்டிய வரியும் இருக்கிறது. ஆனால் உயர்ந்த விலை யாருடைய பைக்குச் சென்றது? வீட்டு உரிமையாளரின் பைக்கு மட்டும்.

அவர் அந்த ஆதாயத்தில் எதையேனும் பொதுவுக்குத் திருப்பித் தருகிறாரா? சொத்து ஆதாய வரி என்று ஒன்று உண்டு. எனினும் 2022 ஜனவரி முதல், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொத்தை விற்றால் அவ்வரி கிடையாது. நகராண்மைக் கழகத்திற்குக் கட்டும் மதிப்பீட்டு வரி இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மாநில அரசு அந்தத் தவணையை நீட்டிக்கவும் செய்யலாம். கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2014இல்தான் புதிய மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்போதும் எவ்வளவு எதிர்ப்பு! இடைப்பட்ட காலத்தில் எத்தனை பூங்காக்கள், எத்தனை ஏரிகள், எத்தனை இரயில் நிலையங்கள் பொதுப்பணத்தில் வந்து தனியார் நிலத்தின் விலையை ஏற்றின என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கத்து நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். 1977இல் பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் என்று அறைகூவினார். 1987இல் பணி முடிந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்து, அந்த ஆறுகளின் முகத்துவாரமே நன்னீர்த் தேக்கமாயிற்று. இன்று அதன் கரையிலுள்ள நிலத்தின் மதிப்பு நாம் அறிந்ததே. ஆனால் அங்கே பெரும்பகுதி நிலம் அரசுக்குச் சொந்தம். தூய்மையால் உயர்ந்த விலையில் பெரும்பங்கு நில விற்பனை வழியாகவும் மேம்பாட்டுக் கட்டணம் வழியாகவும் பொதுப்பெட்டிக்குத் திரும்புகிறது. அங்குள்ளவை எல்லாம் சிறந்தவை என்று நான் கூறவில்லை. ஆற்றைத் தூய்மையாக்க ஆயிரக்கணக்கான குடும்பங்களும் அங்காடிக்காரர்களும் இடம்பெயர்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், பொதுப்பணத்தால் விளைந்த ஆதாயத்தில் பொதுவுக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை அங்கே உயிரோடிருக்கிறது.

இங்கும் அக்கொள்கை அந்நியமன்று. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்திலேயே மேம்பாட்டுக் கட்டணம் பற்றிய பிரிவு இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தால் நிலத்தின் மதிப்பு உயரும்போது, அதை மேம்படுத்துபவரிடமிருந்து ஒரு பங்கைப் பெறலாம் என்பதே அதன் பொருள். ஏட்டில் இருக்கும் கொள்கை ஏரிக்கரைக்கும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வாடகை வீட்டுப் பிள்ளை

புத்ராஜெயா ஏரியைப் புகழ்ந்தேன். அதே நாவால் இதனையும் சொல்லியாக வேண்டும். அந்நகரம் எழுந்த நிலத்தில் முன்பு இருந்தது பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. பெருஞ்சண்டை என்பதே அப்பெயரின் பொருள். அத்தோட்டம் உருவாக்கிய பால்மர ஒட்டு வகைகள் உலகின் பல நாடுகளுக்குச் சென்றன. அந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் நம் மக்கள். நகரம் வந்தபோது அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வீடுகளில் விரிசல் கண்டதையும், தரைவீடு கேட்டு அவர்கள் பல பொதுத்தேர்தல்களைக் கடந்து காத்திருந்ததையும் நாளேடுகளில் படித்திருக்கிறோம். ஏரிக்கரையின் மதிப்பு வளர்ந்தது. ஆனால் அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்களின் பெயரில் அங்கே ஓர் அடி நிலமும் இல்லை.

இது பெரிய நகரத்தின் கதை. எங்கள் பள்ளியின் கதை சிறியது.

ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஏரியைப் பார்த்த வீடொன்றில் பாட்டியோடும் தாயோடும் வாடகைக்கு இருந்தாள். குட்டை நாறிய காலமெல்லாம் அந்த வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். மாலையில் சன்னலை மூடிக்கொண்டு படிப்பாள். ஏரி தூய்மையானது. வாடகை 450 ரிங்கிட்டிலிருந்து 700 ரிங்கிட் ஆனது. தாயின் சம்பளம் அப்படியேதான் இருந்தது. வேறிடம் போனார்கள். இரண்டு மாதங்கள் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறி எங்கள் பள்ளிக்கே வந்தாள். பிறகு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். போன இடத்தில் அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை.

செக்கி வட்டை முதன்முதலில் ஆடாமல் அசையாமல் இறக்கிக் காட்டியவள் அவள்தான்.

மூன்று ஆண்டுகளில் இப்படி 11 பிள்ளைகளை எங்கள் பள்ளி இழந்திருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஆண்டுதோறும் மேடையில் வருந்துகிறோம். வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை வெறுத்துப் போகவில்லை. வாடகை அவர்களைத் துரத்தியது. வீட்டு விலை ஏறியதற்குக் கைதட்டிய என் சக ஆசிரியர்களே, நாம் கைதட்டியது நம் வகுப்பறையின் காலி நாற்காலிகளுக்கும் சேர்த்துத்தான்.

சொல்லப்படும் மறுப்புகள்

"அப்படியானால் ஏரியைத் தூய்மையாக்காமலே விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஏழைகள் நாற்றத்தில் இருந்தால்தான் வாடகை குறையும் என்பது கொடிய வாதம். நல்ல காற்றும் தெளிந்த நீரும் வாடகைக்கு இருப்பவருக்கும் உரியவை. என் கோரிக்கை, தூய்மையின் பயன் அங்கே வாழ்ந்தவரையும் சேர வேண்டும் என்பது.

"ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் அதிக வரி எப்படிக் கட்டுவார்? வீட்டின் விலை ஏறினாலும் கையில் காசு வரவில்லையே" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் விற்கும்போது வசூலிக்கும் முறை இருக்கிறது. தானே குடியிருக்கும் ஒரே வீட்டுக்குச் சலுகை தரலாம். நான்கு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவரையும் அந்த முதியவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. முதியவரைக் காட்டி நான்கு வீட்டுக்காரர் ஒளிந்துகொள்வதைத்தான் ஏற்க இயலாது.

"இயற்கைக்கு விலை போடலாமா? வள்ளுவரே கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தாரே" என்று ஒரு நண்பர் வருந்தினார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஏரியின் முழு மதிப்பையும் வீட்டு விலை காட்டாது. அங்கு வரும் கொக்குக்கும் மாலையில் கால்வீசி நடக்கும் நீரிழிவு நோயாளிக்கும் வீட்டுப் பத்திரம் கிடையாது. ஆகவே அந்தக் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை. வீட்டு விலையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் மாளிகைகள் சூழ்ந்த ஏரி முதலில் தூய்மையாகும். மலிவு விலை அடுக்குமாடிக்கு அருகிலுள்ள குட்டை கடைசிவரை நாறும். அதனால்தான் சொல்கிறேன்: யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வகுக்க விலைக் கணக்கைப் பயன்படுத்துவோம். எந்த ஏரியை முதலில் தூய்மையாக்குவது என்று முடிவுசெய்ய அதனைப் பயன்படுத்தலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

குறை கூறி நிறுத்துவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே என் கோரிக்கைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. ஏரிநீரின் சோதனை முடிவுகள் ஏரிக்கரையிலேயே மாதந்தோறும் ஒட்டப்பட வேண்டும். நாட்டில் ஏரிநீர்த் தரத்துக்கான அளவுகோல் 2015இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதன்படி நம் ஏரி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் கடிதத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கையொப்பமிட வேண்டும்.

2. பணம் முதலில் கால்வாய்களுக்குச் செல்ல வேண்டும். உணவுக்கடைகளில் எண்ணெய்ப் பொறி, கட்டுமான இடத்தில் வண்டல் குட்டை, கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் நீர்ச்செடிப் பாத்தி. நீரூற்று பிறகு வரட்டும்.

3. ஏரியால் விலை உயர்ந்த சொத்துகளின் மதிப்பீட்டு வரியில் கூடும் தொகையில் ஒரு பங்கு அந்த ஏரியின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். ஏரி கெட்டால் அவர்களுக்குத்தான் முதல் நட்டம்; ஆகவே இது அவர்களின் முதலீட்டுக்கான காப்புறுதி.

4. பொதுப்பணத்தில் ஓர் ஏரி சீராக்கப்படும்போது அதன் அருகிலேயே மக்கள் வீடமைப்புத் திட்ட வாடகை வீடுகளும் கட்டப்பட வேண்டும். முன்பு அங்கு வாடகைக்கு இருந்தவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

5. வீட்டில் நாம். வாகனத்தைப் புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் புட்டியில் சேருங்கள். பூச்செடிக்குக் குப்பை உரம் போதும். ஏரிக்கரை வீடு என்று பெருமையாகச் சொல்கிறவர் தம் வீட்டுக் கால்வாய் எங்கே போகிறது என்று அறிந்திருக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். செக்கி வட்டு செய்யப் பெரிய செலவில்லை. 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தகடு, கறுப்பு வெள்ளைப் பூச்சு, ஓர் எடைக்கல், அளவு குறித்த கயிறு போதும். கால் பகுதிகளாகப் பிரித்து மாறி மாறிப் பூசுங்கள். நீர் பச்சையாக இருந்தால் பாசி, செந்நிறமாக இருந்தால் மண் என்று நிறத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய ஈயக்குட்டைகளின் கரை செங்குத்தானது, ஆழமும் மிகுதி. தடுப்புக் கம்பி உள்ள மேடையிலிருந்து, போதிய பெரியவர்கள் உடனிருக்க மட்டுமே அளக்க வேண்டும். பிள்ளைகளை நீர் விளிம்புக்கு அழைத்துச் செல்லவே கூடாது.

கூட்டம் முடிந்தபின் அந்தத் தந்தை என்னிடம் வந்து, "தவறாக எண்ணாதீர்கள் டீச்சர். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது" என்றார். அவரது அச்சம் எனக்குப் புரிந்தது. நம் சமூகத்தில் ஒரு வீடு வாங்க ஒரு மனிதர் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? "ஐயா, உங்கள் சேமிப்பு கரைவதை முதலில் கண்டு சொன்னவர்கள் உங்கள் பிள்ளையும் அவன் நண்பர்களும்தான். அவர்கள் வாயை மூடச் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் எங்களோடு ஏரிக்கு வாருங்கள், கயிற்றை நீங்கள் பிடியுங்கள்" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் மகன்தான் இப்போது எண்களைக் குறிக்கும் பொறுப்பில் இருக்கிறான்.

உங்கள் ஊர் ஏரியின் நிலை என்ன? அதனால் விலை ஏறியவர்கள் யார், வெளியேறியவர்கள் யார்? அறிந்தவர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.